மரம் வேண்டும், நிழல் வேண்டாம்

லின்ஸ்,
அக்டோபர் 9

அன்புள்ள செவெரின்,

ஈஸ்டருக்குப் பிறகு நாம் பேசவில்லை. போனில் கூப்பிட்டால் நீ குரலை உயர்த்துவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். பதில் எழுதுவதாக இருந்தால் ஒன்றைக் கவனித்துக்கொள். எனக்காக எழுத்தைப் பெரிதாக எழுதாதே. எல்லோரும் அப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள். எனக்கு நடுப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, சுற்றிலும்தான் மூடிக்கொண்டு வருகிறது. சுருட்டிய காகிதத்தின் வழியாகப் பார்ப்பது போல. பெரிய எழுத்து அந்த ஓட்டைக்குள் அடங்குவதில்லை. பொடியாக எழுது, கறுப்பு மையில்.

ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் என் கார் சாவியை எடுத்து உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "அக்கா இனிமே வண்டி ஓட்டக் கூடாது. நீங்களாவது சொல்லுங்க அத்தான்" என்று ஹெல்முட்டிடம் சொன்னாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரிதான். என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டை விட்டுப் போ என்று சொன்னது அதற்காகத்தான்.

ஆகஸ்டில் நானாகவே காரை விட்டுவிட்டேன். ஒரு நாள் காலை, ஆற்றுப் பாலத்தருகே, சாலையிலிருந்தே முளைத்தது போல ஒரு சைக்கிள்காரர் என் வண்டிக்கு முன்னால் நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "எங்கம்மா பாத்துக்கிட்டு வர்ற?" என்று மட்டும் கேட்டார். சரியான கேள்வி. அங்கேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டு டிராமில் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பனிச்சறுக்குக்குப் போக வேண்டும். உன்னோடு. கண் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தனியா கூடவே கூடாது. வழிகாட்டி ஒருத்தர் முன்னாடி போனா தாராளமா போங்க" என்றார். வழிகாட்டி ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொண்டு முன்னால் போவார். அவர் சொல்வது என் காதில் ஒரு சின்னக் கருவியில் கேட்கும். பார்வையற்றோர் சங்கத்தில் சொல்லித் தருகிறார்கள். அவர்களிடம் ஆளும் இருக்கிறார்கள். ஆனால் சரிவில் முழு வேகத்தில் போகும்போது நம்பி வளைகிற அளவுக்குப் பழகிய குரல் எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. சின்ன வயதில் "இப்ப, இப்ப, இப்ப" என்று கத்திக்கொண்டே எனக்கு முன்னால் போவாயே, அந்தக் குரல்.

எந்த ஊர் என்பதை நீயே தேர்ந்தெடு. நான் தேர்ந்தெடுத்தால் என் பழைய கண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்துவிடுவேன்.

உன் கண்ணைக் காட்டினாயா? அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது உனக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டரம்மா மறுபடியும் சொன்னார்.

ரோஸ்விதா


பிரேமன்,
அக்டோபர் 21

ரோஸ்விதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காரை விட்டது நல்லது.

பனிச்சறுக்குக்கு நான் வர மாட்டேன். நீயும் போகக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அப்பாவும் இப்படித்தான். தன் பார்வை போவதை யாரிடமும் சொல்லவில்லை. "எனக்கு இந்த மலை மனப்பாடம்டா" என்று சொல்லிக்கொண்டு ஏறினார். மலை மனப்பாடமாக இருக்கலாம், அதில் நிற்கும் மனிதர்கள் மனப்பாடம் ஆவார்களா? அவர் மோதிய அந்தப் பெண் இடுப்பு முறிந்து பனியில் கிடந்ததை நாம் இருவரும் லிப்டில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தோம். அவள் பிறகு கம்பு ஊன்றித்தான் நடந்தாள். நான் மலையே இல்லாத ஊராகப் பார்த்து வேலை தேடிக்கொண்டு வந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்தான் இங்கே உயரமான பொருள்கள்.

உனக்கு விடுமுறைதான் வேண்டுமென்றால் வெந்நீர்க் குளம் உள்ள விடுதிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றின் விளம்பரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உள்ள கிழவரைப் பார், எவ்வளவு சந்தோஷமாக மிதக்கிறார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

செவெரின்

பின்குறிப்பு: யாராவது போவதாகவே வைத்துக்கொண்டாலும், மரங்களே வளராத உயரத்துக்குப் போகக் கூடாது. மேகம் இறங்கினால் அங்கே வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. நல்ல கண் உள்ளவனுக்கே தன் காலணி தெரியாது.


லின்ஸ்,
நவம்பர் 2

அன்புள்ள செவெரின்,

உன் கிழவரை ஹெல்முட் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். "உன் தம்பி வர்றான் பாரு" என்கிறார். "வர மாட்டேன்னுதானே எழுதியிருக்கான்" என்றேன். "வர மாட்டேங்கறவன் எதுக்கு மரத்தப் பத்திப் பின்குறிப்பு எழுதறான்?" என்று கேட்டார். சறுக்குக் கட்டையை ஒரு நாளும் காலில் மாட்டாத மனுஷன், ஆனால் ஆளைச் சரியாக எடை போடுவார்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் அவர் மறைத்தார். நான் மறைக்கவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டேன், சங்கத்தில் பேர் கொடுத்துவிட்டேன், உனக்கு எழுதிவிட்டேன். 'பார்வைக் குறைவு' என்று எழுதிய மஞ்சள் மேலாடையைப் போட்டுக்கொண்டுதான் சரிவில் இறங்குவேன். இதற்கு மேல் ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்?

நீ தேர்ந்தெடுக்க மாட்டாய் என்று நினைத்து நானே பயண ஏற்பாட்டாளரிடம் போனேன். சின்னப் பெண். சுறுசுறுப்பு. ஹோஹென்கார் போகச் சொன்னாள். "பனிக்குப் பஞ்சமே இல்ல மேடம். மே மாசம் வரைக்கும் இருக்கும். சாயங்காலம் பாட்டு, டான்ஸ் எல்லாம் உண்டு" என்றாள். எனக்குக் கண் தெரிவது குறைவு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரூமுக்கு மலைக்காட்சி வேணாமா? அது கூடுதல் கட்டணம்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போய்விட்டார்.

அடுத்ததாக நாம் வளர்ந்த ஊரையே அவள் எடுத்துப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்காக மட்டும் இல்லை, எனக்கும் வேண்டாம். மூன்றாவதாக புக்கெனெக் என்று ஒரு சின்ன ஊர். நாற்காலி லிப்ட் ஒன்று, ஆளை மேலே இழுத்துப் போகிற கம்பி சில. உயரம் குறைவு, அதனால் பனி விழுமா என்பது நிச்சயமில்லை. "அங்க யாரும் அவ்வளவா போறதில்ல மேடம்" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். அப்போதுதான் என் காது நிமிர்ந்தது.

நீ மரத்தைப் பற்றி எழுதியது சரிதான், ஆனால் பாதிதான் சரி. மரம் இருந்தால் பாதையின் ஓரம் எது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மரத்தின் நிழல் பாதையில் விழுந்தால் தொலைந்தேன். வெயிலிலிருந்து நிழலுக்குப் போனால் என் கண் பழகுவதற்குள் நெடுநேரம் ஆகிவிடும். அதுவரைக்கும் கரிமூட்டைக்குள் தலையை விட்டது போல இருக்கும். அதனால் எனக்கு மரம் வேண்டும், நிழல் வேண்டாம். இப்படி ஓர் இடம் உலகத்தில் உண்டா?

உன் கண்ணைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

ரோஸ்விதா


பிரேமன்,
நவம்பர் 14

அக்காவுக்கு,

உண்டு. வடக்கு ஓரத்தில் மட்டும் மரம் இருக்கிற பாதை. சூரியன் தெற்கே இருப்பதால் நிழல் பாதைக்கு வெளியே, காட்டுப் பக்கமாகவே விழும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் வரைபடத்தோடு உட்கார்ந்தேன். அன்ட்யா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போகமாட்டேன்னு சொன்ன ஊருக்கு இவ்வளவு படிக்கிறியே, நம்ம கல்யாணத்துக்கு மண்டபம் பாக்கும்போது இந்த அக்கறை எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஹோஹென்காரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பாதி மலைக்கு மரமே இல்லை. லிப்டிலிருந்து ஒரே நேரத்தில் அத்தனை பேர் இறங்குகிறார்கள், எல்லோரும் ஒரே முனையில் வந்து சேர்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் குடித்திருப்பார்கள்.

கிழக்கே இன்னும் இரண்டு ஊர்களைப் பார்த்தேன். ஒன்றில் பாதை அகலம், ஆனால் நடுவில் வண்டிச் சாலை குறுக்கே போகிறது. இன்னொன்றில் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற பாதை. படத்தில் அழகாக இருக்கிறது. உனக்கு அது நிழலும் வெயிலுமாக வரிக்குதிரை முதுகு போல இருக்கும்.

மிச்சம் இருப்பது நீ சொன்ன புக்கெனெக். மேற்கே பார்த்து இறங்குகிற நீளமான பாதை ஒன்று, வடக்கே ஊசியிலைக் காடு, தெற்கே திறந்த புல்வெளி. ஓரத்தில் ஆரஞ்சு வலை கட்டுகிறார்கள். படத்தில் பார்த்தவரை சரி. படத்தை நான் நம்புவதில்லை.

ஒரு நிபந்தனை. பிப்ரவரி பள்ளி விடுமுறையில் வரவே மாட்டேன். ஊரே மலையில் நிற்கும். ஜனவரி நடுவில், வாரநாளில், பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது போனால் ஒருவேளை. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

செவெரின்


லின்ஸ்,
நவம்பர் 28

செவெரின்,

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவர்களுடைய பூகோள டீச்சர் எங்கே இருப்பாள் என்று யோசித்தாயா? நடு ஜனவரியில் எனக்கு எப்படி விடுப்பு கிடைக்கும்? மருத்துவக் காரணம் சொல்லலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது. இதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிகிறது. ஆமாம், நான் எதையும் மறைக்கவில்லை என்று பெரிதாக எழுதினேன். உனக்கு, டாக்டருக்கு, சங்கத்துக்குச் சொல்லிவிட்டேன். தினம் போய் நிற்கிற இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நான்கைந்து நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகு தலைமையாசிரியை ஷாஃப்லரின் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். நாற்காலி எங்கே என்று தேடினேன். வலது பக்கம், முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவர் எழுந்து வந்து நாற்காலியை எனக்கு நேராக நகர்த்திப் போட்டார்.

"மேடம், எனக்குக் கண்ணுல ஒரு வியாதி. சுத்தி உள்ளது தெரியாது" என்றேன்.

"ரொம்ப நாளாவா?"

"ரெண்டு மூணு வருஷமா கூடிக்கிட்டே வருது."

அவர் நீண்ட மூச்சு விட்டார். "ஜன்னல் பக்கம் உக்கார்ற பசங்க ஒரு புகார் குடுத்திருந்தாங்க ரோஸ்விதா. எவ்வளவு நேரம் கைய தூக்கினாலும் டீச்சர் எங்கள மட்டும் கேக்கவே மாட்டேங்கறாங்க, எங்களக் கண்டாலே அவங்களுக்குப் பிடிக்கலன்னு. உங்கள எப்படிக் கேக்கறதுன்னு நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

செவெரின், எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணுக்காக இல்லை. அந்த ஜன்னலோரத்துப் பிள்ளைகள் வருடம் முழுக்க என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

மறுநாள் வகுப்பில் நானே சொன்னேன். பிறகு லியோனி என்ற பெண், "அப்ப இனிமே நாங்க கைதட்டிக் கூப்பிடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். இப்போது வகுப்பு சந்தைக்கடை போல இருக்கிறது. ஆனால் எல்லோரையும் கேட்கிறேன்.

ஜனவரி நடுவில் விடுப்பு கிடைத்துவிட்டது. இனி உன் கையில் இருக்கிறது.

ரோஸ்விதா


புக்கெனெக்,
டிசம்பர் 13

அன்புள்ள அக்கா,

மேலே போட்டிருக்கிற ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். படத்தை நம்ப மாட்டேன் என்று எழுதினேன் அல்லவா, நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தேன். எத்தனையோ வருடம் கழித்துக் காலில் சறுக்குக் கட்டையை மாட்டினேன். கால் மறக்கவில்லை, தொடைதான் கதறுகிறது.

மேல்பாதியில் மட்டும் செயற்கைப் பனி அடித்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் சும்மா இறங்கிப் பார்த்தேன். நிழல் விஷயம் நான் கணக்குப் போட்டபடியே இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்துவிடும். அதற்குள் நாம் இறங்கிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு காரியம் செய்தேன். சறுக்குக் கண்ணாடியில் கறுப்பு நாடா ஒட்டி, நடுவில் ஒரு பொத்தான் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டேன். கெப்ஹார்ட் என்ற பயிற்சியாளனை முன்னால் போகச் சொல்லி, அவன் குரலைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவன் முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். காரணத்தைச் சொன்ன பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

எத்தனை முறை விழுந்தேன் என்று கேட்காதே. சரிவு பயமாக இல்லை அக்கா. பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாததுதான் பயம். சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது, அதற்குள் யாரோ உரசிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, "காலையிலயே போட்டுட்டு வந்துட்டியா?" என்று திட்டினார். நீ இப்படித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறாய், டிராமில் ஏறுகிறாய், வகுப்பில் நிற்கிறாய். எனக்கு அது இதுவரை உறைக்கவில்லை. பாதி வழியில் பனியில் உட்கார்ந்துவிட்டேன். கெப்ஹார்ட் வந்து, "அடி பட்டுச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, "எழுந்திருங்க, உக்காந்தா குளிரும்" என்றான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவன் நிறையப் பேசினான். அது தப்பு. பின்னால் வருகிறவருக்குக் கொஞ்சம் வார்த்தை போதும், ஆனால் வளைவு வருவதற்கு முன்னாலேயே வர வேண்டும்.

நீ கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மே மாதமே கண்ணைக் காட்டினேன். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. சுத்தமாக இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். நான் வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, அதைக் கிளப்பாமலேயே வெகுநேரம் இருந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது? ஈஸ்டரில் உன் சாவியைப் பிடுங்கியவன் நான். ஒரு மாதம் கழித்து, அக்கா, எனக்கு ஒன்றும் இல்லையாம், என்று எந்த வாயால் சொல்வது? ஒரே அப்பாவிடமிருந்து உனக்கு வந்தது எனக்கு வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் இதுதான். ஜனவரியில் வருகிறேன்.

செவெரின்


லின்ஸ்,
டிசம்பர் 29

டேய் செவெரின்,

இத்தனை மாதமும் தினமும் உனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு வந்ததைக்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டேன். உனக்கும் வந்திருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பில்தான் தூக்கம் போனது. நீ பேசாமல் இருக்க இருக்க, சரி, வந்துவிட்டது, அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஹெல்முட் ஓடி வந்தார். "என்னாச்சு?" என்றார். "அவனுக்கு இல்லையாம்" என்றேன். அவர் அலமாரியைத் திறந்து, விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பேரிக்காய்ச் சாராயத்தை ஊற்றினார். காலை பத்து மணிக்கு.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நன்றாகப் பார். எனக்குத் தெரியாததை எனக்குச் சொல். அவ்வளவுதான்.

இப்போது கெட்ட செய்தி. புக்கெனெக்கில் மழை. விடுதிக்கார அம்மாவைப் போனில் கேட்டேன். "புல்லு தெரியுதும்மா. மாடு மேய விடலாம் போல இருக்கு" என்றார். உயரமான ஊருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று ஹெல்முட் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பனி இருக்கிற ஊர் நிறைய இருக்கிறது. நான் பார்க்கக்கூடிய ஊர் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அங்கேயே காத்திருப்போம்.

நாடா ஒட்டிக்கொண்டு இறங்கியதற்கு உன்னைத் திட்ட வேண்டும். கழுத்து முறிந்திருந்தால் என்ன செய்வாய்? நேரில் திட்டுகிறேன்.

அக்கா


பிரேமன்,
ஜனவரி 9

அக்கா,

நேற்றிலிருந்து அங்கே பனி கொட்டுகிறது. விடுதிக்கார அம்மா எனக்கே போன் செய்தார். "மாட்டையெல்லாம் உள்ள கட்டிட்டோம், நீங்க வரலாம்" என்றார்.

ஞாயிறு மத்தியானம் ஸ்டேஷனில் இறங்குகிறேன். அத்தானைச் சூடாக உடுத்திக்கொள்ளச் சொல். நம்மைப் போல அவருக்கு அசைவு இருக்காது, கீழே உட்கார்ந்தே உறைந்துவிடுவார்.

செவெரின்


லின்ஸ்,
பிப்ரவரி 7

அன்புள்ள செவெரின்,

நீ பிரேமன் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகப் போகிறது. ஒரு வரி இல்லை. தோள் எலும்பு கூடிக்கொண்டிருக்கிறது என்று அன்ட்யா சொன்னாள். "அவரு பேச மாட்டேங்கறாரு அண்ணி. ஜன்னலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு" என்றாள். கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. எதற்கு என்பதும் தெரிகிறது. அதனால் என் பக்கத்தை எழுதிவிடுகிறேன்.

முதல் மூன்று நாளைப் பற்றி எழுத வேண்டியதில்லை. நீ என்னோடு இருந்தாய். உனக்குச் சில மீட்டர் பின்னால் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

நாலாவது நாள் என் காதில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். "இடது" என்றாய். வளைந்தேன். "நல்லா இருக்கு, விடு, அப்படியே விடு" என்றாய். பிறகு ஒரு மோதல் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. குரல் நின்றால் நானும் நிற்க வேண்டும் என்பதுதான் சங்கத்தில் முதலில் சொல்லிக் கொடுத்தது. நின்றுவிட்டேன். உன் ஆரஞ்சு நிறத்தை என் ஓட்டைக்குள் தேடினேன். பனி, பனி, ஒரு மரம், மறுபடியும் பனி. உன்னைக் காணோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அப்போதுதான் காதில் மூச்சுச் சத்தம் கேட்டது. "அக்கா, அங்கயே நில்லு. வராத" என்றாய்.

காட்டுக்குள்ளிருந்து சறுக்குப் பலகையில் வந்து உன் மேல் மோதிய பையன் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் உன்னிடம் வந்தேன். உதவிக்கு ஆள் கூப்பிடச் சொன்னதும், மேலிருந்து வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக நம் கட்டைகளைக் குறுக்காக நடச் சொன்னதும் நான்தான்.

மீட்புக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உன்னைப் பனியில் இழுத்துப் போகிற படகு போன்ற படுக்கையில் வைத்துக் கட்டினார். மற்றவள் பெயர் வ்ரோனி. அந்தப் பக்கத்துப் பேச்சு, பாதி எனக்கே புரியவில்லை. என் மேலாடையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தெரியும்?" என்றாள்.

"ஒரு தட்டு அளவுக்கு."

"பனி வண்டிய வரச் சொல்லட்டுமா? இல்ல, எறங்கிடுவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் படகிலிருந்து நீ கத்தினாய். "வண்டியில போகட்டும். அவங்கள எறக்காதீங்க." மறுபடியும் என்னிடம் சொல்லவில்லை, வ்ரோனியிடம் சொன்னாய்.

"எறங்கறேன்" என்றேன்.

"அக்கா, அப்பா மாதிரி பண்ணாத" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மறுநாள் அன்ட்யா வந்து உன்னை அழைத்துப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு முன்னால் யாரும் போகவில்லை செவெரின். அவர் யாரையும் போகவும் விட்டதில்லை. எனக்கு முன்னால் தன் வேலை தெரிந்த ஒருத்தி போனாள். உன் குரல் இல்லாவிட்டால் நான் ஒன்றுமில்லை என்று அக்டோபரில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நம்பித்தான் உன்னை இழுத்தேன். உன் மேல் எவ்வளவு பெரிய சுமையை வைத்துவிட்டேன் என்பது நீ படகில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வண்டியில் ஏறி இறங்கியிருந்தால், அந்தச் சுமை கடைசி வரைக்கும் உன் தலையில்தான் இருந்திருக்கும்.

அடுத்த வருடமும் போகப் போகிறேன். சங்கத்து ஆளோடு. ஜனவரியில், வாரநாளில். நீ வந்தால் சந்தோஷம். தம்பியாக வா, வழிகாட்டியாக வேண்டாம்.

ஒரு வரி எழுது.

அக்கா


பிரேமன்,
பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

வலது கையைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அன்ட்யா தட்டச்சு செய்கிறாள். அந்தப் பையனைப் பற்றி நான் சொன்ன சில வார்த்தைகளை அவள் சேர்க்க மறுத்துவிட்டாள். அவன் எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தான். பரவாயில்லை என்று பதில் போட்டுவிட்டேன்.

முதல் இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு கோபம் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். நான் அன்றைக்குக் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அன்ட்யாவே இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

படகில் என்னைக் கழுத்து வரை போர்த்தி, தலையை அசைக்க முடியாதபடி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மீட்புக்காரர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போனார். நீயும் அந்தப் பெண்ணும் பின்னால், கொஞ்சம் மேலே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நீ விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நொடியில் நான் உன் தம்பியாக இல்லை, மறுபடியும் லிப்டில் உட்கார்ந்திருந்த பையனாக இருந்தேன்.

சத்தம் வரவில்லை. கட்டையின் விளிம்பு பனியைச் சீவுகிற சத்தம்தான் வந்தது. இடது பக்கம் ஒரு சீவல், கொஞ்ச நேரம் அமைதி, வலது பக்கம் ஒரு சீவல். அவள் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. "வாங்க... ம்... இப்ப." நான் சொல்லியிருந்தால் அந்த இடத்துக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஓர் இடத்தில் அவள் ரொம்ப நேரம் எதுவுமே சொல்லவில்லை. உன் சீவல் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, ஒரே அளவாக, ஒரே இடைவெளியில். கால் நடுங்குகிற ஆளின் சத்தம் அப்படி இருக்காது. எனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்கு முன்னால் போய்க்கொண்டே அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நீ பயப்படவில்லை. யாருக்காகவும் செய்து காட்டவும் இல்லை. சும்மா சறுக்கிக்கொண்டிருந்தாய்.

அடுத்த ஜனவரியில் வருகிறேன். பின்னால் வருகிறேன், வாயைத் திறக்காமல்.

கீழே நெருங்கும்போது பாதை அகன்று நேராகிவிட்டது போல, படகு வேகம் எடுத்தது. உன் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன். மீட்புக்காரர் உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். வலி இருந்தது, ஆனால் அதற்காகச் சொல்லவில்லை.

செவெரின்